எறங்கச் சொன்னது யாரு

…அதத்தான் சார் நானும் கேக்குறேன். ஒருத்தி ரெண்டு மாசமா மண்டைய ஒடச்சு ஒரு வேலையச் செஞ்சு, நாளைக்கு நாலு பேரு வந்து பாக்கப்போறாங்கன்னு தயார் பண்ணி வெச்சிருக்கா. விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா அத நட்டுட்டுப் போயிட்டாங்க. ஒடச்சிருந்தா சண்ட போடலாம். திருடியிருந்தா தேடலாம். நட்டு வெச்சிட்டுப் போனா யாருகிட்டப் போயி சொல்றது?

பாத்து நில்லுங்க சார், வரப்பு வழுக்கும். அந்தத் தென்ன மரத்தப் புடிச்சுக்குங்க. கை குடுக்க முடியாது, ரெண்டு கையும் சேறு. ஆமா, நாந்தான் செம்மொழி. கண்காட்சி அழைப்பிதழ்ல பட்டுச் சேலையில சிரிச்சுக்கிட்டு நிக்குறேன்ல, அதே ஆளுதான். நீங்க என் வேலையப் பாத்து எழுத மெட்ராஸ்லேருந்து வர்றீங்கன்னு எங்கள இங்க தங்க வெச்சிருக்குற அஸார் தம்பி சொல்லிச்சு. ஆனா நாளைக்குன்னுல்ல சொல்லிச்சு… ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்களா. சரி, வந்துட்டீங்க. நான் குனிஞ்சுக்கிட்டே பேசுறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. நிமிந்தா இடுப்பு திரும்ப மடங்க மாட்டேங்குது. அதோட பொழுது சாயுறதுக்குள்ள இந்த வயலு முடியணும். முடியலன்னா கலந்தர் பாய் நாத்து அவ்ளோதான்.

கலந்தர் பாய் யாரா? சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க காலுகிட்ட குமிஞ்சு கெடக்குதுல்ல நாத்து முடி, அந்தச் சின்னக் கட்டு, அதுல ஒண்ண எடுத்து இப்படி எறிங்களேன். இல்ல, ஒண்ணே ஒண்ணுதான். இங்கேருந்து வரப்புக்கு வந்து எடுத்துட்டுப் போறதுக்குள்ள ஒரு வரிசை நட்டுடலாம்.

…மூஞ்சில இல்ல சார். பக்கத்துல. பரவாயில்ல, மொத மொறதானே.

அந்தா, வீட்ட ஒட்டுனாப்புல ஒரு மூல வயலு தெரியுதா? வரிசை வரிசையா, பச்சப் பசேல்னு? அதான் நீங்க பாக்க வந்தது. அதாவது, நேத்து ராத்திரி வரைக்கும் அது கலை. இன்னிக்கு அது வயலு. பேரு ‘காத்திருப்பு’. நல்லா பரம்படிச்சு சமமாக்குன சேத்துல நாத்து முடிய எடம் அளந்து அளந்து போட்டு வெச்சிருந்தேன். நட ஆளு வராம, தண்ணி வராம கெடக்குற நாத்து. அது அப்படியே ஒரு வாரம் கெடக்கணும். பழுக்கணும், காயணும், கருகணும். ஜனங்க வரப்புல சுத்தி நடந்து பாக்கணும். பாத்துட்டு வீட்டுக்குப் போயி சோறு எறங்கக் கூடாது. அதான் சார் நெனப்பு. டெல்டாவோட மொத்த வயித்தெரிச்சலையும் ஒரு மூல வயல்ல வெச்சிருந்தேன். வந்தாங்க, நட்டாங்க, போயிட்டாங்க.

யாரா? பொன்னுத்தாயி அக்கா கொத்து. நடவு ஆளுங்க. ஒரு லோடு வேனு நெறையா வந்து எறங்குவாங்க, நடுவாங்க, ஏறிப் போயிடுவாங்க. இப்ப எங்க பாத்தாலும் மெஷின் நடவுதானே, ஆனா இந்தப் பக்கம் பள்ளக்காலு, மெஷின் எறங்குனா பொதஞ்சுக்கும். அதனால கலந்தர் பாயி இந்த வருஷம் புதுசா இந்தக் கொத்தக் கூப்புட்டிருந்தாரு. இந்த வயலும் அவரு வயலு, அந்த மூல வயலும் அவரு வயலு. மூல வயல என்னை நம்பி விட்டாரு. “மீந்த நாத்து இருக்கு, எடுத்துக்கம்மா, காசு கீசு வேணாம்”னாரு. காய வெக்கப்போறேன்னு நான் அவருகிட்ட சொல்லல. கண்காட்சின்னு மட்டும் சொன்னேன். நெல்லு போடுறவருகிட்ட நாத்தக் காய வெக்கப்போறேன்னு எப்புடி சார் சொல்றது?

இன்னொரு முடி. ஆங், அப்படித்தான். கையில நல்லா வருதே உங்களுக்கு.

இந்த எடத்தப் பத்தியும் எழுதுவீங்கல்ல? எழுதுங்க. இது அஸாரோட மாமா வீடு. அவரு குடும்பத்தோட புருனேல இருக்காரு. கட்டுன வீட்டுல ஒரு ராத்திரி கூட படுத்ததில்ல. சும்மா பூட்டிக் கெடக்குதேன்னு அஸாரு கலைஞர்களுக்குத் தங்க விடுது. நல்ல மனசுதான், இல்லங்கல. அறிவிப்புல என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? ‘மண்ணோடு உறவாட வாருங்கள்’. வந்து எறங்குனா வாசல்ல போர்டு, ‘கால் கழுவாமல் உள்ளே வராதீர்கள்’. உள்ள பூரா மார்பிளு. நான் மண்ணுல வேல பாக்குறவ. ஒரு நாளைக்கு எத்தன தடவ சார் காலக் கழுவுறது? உறவாடுறதா, கழுவுறதா?

காலையில பசியாறுனதுலேருந்து மத்தியானம் வரைக்கும் மௌன நேரம். யாரும் பேசக் கூடாது. என்னைப் பாருங்க. என்னால முடியுமா? அதுல சதீஷ்னு ஒரு புள்ள இருக்கு, தவளை சத்தத்தப் பதிவு பண்ணுது. தவளை எங்க தூரத்துலயோ கத்தும், இங்க நான் ஃபேன் போடக் கூடாது. ஏன்னா பதிவுல ‘கிர்ர்’னு விழுதாம். வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கோம், தவளைக்காக. சாயந்திரமானா பகிர்வு வட்டம். வட்டமா உக்காந்து, இன்னிக்கு உள்ளுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா சொல்லணும். என் உள்ளுக்குள்ள மத்தியானம் தின்ன எறால் சோறுதான் நடந்துச்சு. ஜன்னத் பீவி அம்மா சமையலு, அஸாரோட அம்மா. அவங்க சோறு தின்னுட்டு எவன் சார் கலை செய்வான்? படுத்தா நாலு மணிக்குத்தான் கண்ணத் தொறக்குறது. இந்த எடத்துல வேல ஓடலன்னா அதுக்கு மொதக் காரணம் அந்தம்மா கை. இதையும் எழுதிக்குங்க.

ஃபஹ்மிதாவப் பாத்தீங்களா வர்றப்ப? மாடியில குப்புறப் படுத்திருக்கும். படம் வரையிற பொண்ணு. காலையிலேருந்து எங்கூட எறங்கி நட்டுச்சு, நல்ல புள்ள, மத்தியானத்தோட இடுப்பு புடிச்சுக்கிச்சு. அது படத்து மேல போன வாரம் ஒரு பல்லி ஓடிடுச்சு. ஈரப் பெயிண்டு. காலு காலா பதிஞ்சு போச்சு. நான்னா பல்லியத் தொரத்தித் தொரத்தி அடிச்சிருப்பேன். அது என்ன பண்ணிச்சு, “அக்கா, அதுவும் எங்கூட வரைஞ்சிருக்கு”ன்னு அப்படியே விட்டுடுச்சு. சட்டம் போட்டு மாட்டியாச்சு. இன்னிக்குக் காலையில நான் தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பக்கத்துல வந்து கேக்குது, “ஏங்க்கா, பல்லி செஞ்சா சரி, பொன்னுத்தாயி அக்கா செஞ்சா தப்பா?” பல்லி அவங்கள மாதிரி வேன்ல ஏறி நன்னிலம் போகல. அதான் பதிலு.

ஆமா, அந்தக் கதைக்குத்தான் வர்றேன். பிரச்சினை என் கலை மட்டும் இல்ல சார். அது போனாப் போகுது… போகாது, வயிறு எரியுதுதான், இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொல்றேன். கொத்து வந்தது இந்தப் பெரிய வயல நட. இந்த நாத்தெல்லாம் நேத்து காலையில பறிச்சது. ராத்திரி பூரா கட்டுக்குள்ளயே கெடந்து வெந்துபோச்சு. அடி முடியெல்லாம் பாருங்க, நுனி பழுக்க ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு வெச்சா பாதிக்குப் பாதிதான் பொழைக்கும். நாத்தங்கால்ல வேற நாத்தும் இல்ல. நான் பழுக்கணும்னு போட்டது ஜம்முனு பச்சையா நிக்குது, பச்சையா நிக்க வேண்டியது இங்க பழுத்துக்கிட்டு இருக்கு. இத யாராவது கதையா எழுதுனா நம்புவாங்களா?

எப்புடி மாத்தி நட்டாங்கன்னு கேக்குறீங்க. நானும் அதத்தான் காலையிலேருந்து யோசிக்கிறேன். பாயி போன்ல பொன்னுத்தாயி அக்காகிட்ட, “அஸார் வீட்டுப் பக்கத்து வயலு”ன்னு சொல்லியிருக்காரு. வந்து பாக்குறாங்க. இந்தப் பக்கம் நாத்துக்கட்டு வரப்புல குமிஞ்சு கெடக்குது, இன்னும் முடி எறிஞ்சு போடல. அந்தப் பக்கம் பாத்தா, பரம்படிச்சு, தண்ணி கட்டி, முடியெல்லாம் எடம் பாத்து எறிஞ்சு தயாரா இருக்கு. எந்த ஊர்ல சார் வயல்ல முடிய எறிஞ்சு போட்டுட்டு ‘நடாதீங்க’ம்பாங்க? முடி கெடந்தா ஆளு எறங்கும். எங்கம்மா ஒரத்தநாட்டுலேருந்து போன வாரமே போன்ல சொல்லிச்சு, “ஏண்டி செம்மொழி, முடியப் போட்டு வெச்சா யாராவது நட்டுடப் போறாங்கடி, ஒரு கயிறாவது கட்டு”ன்னு. நான் என்ன சொன்னேன்? “அம்சம், நீ நடப் போன காலம் வேற, இது கலை, கயிறு கட்டுனா பார்வையாளனுக்கும் படைப்புக்கும் நடுவுல வேலி வந்துடும்”னேன். அம்மாவப் பேரு சொல்லித்தான் கூப்புடுவேன், அது ஒண்ணும் சொல்லாது. இப்ப போன் பண்ணி விஷயத்தச் சொன்னா சிரிக்குது சார். சிரிச்சு சிரிச்சு வெத்தல பொறயேறி, போன அப்பாகிட்டக் குடுத்துடுச்சு.

ஒண்ணு பண்ணுங்களேன். அந்த ஷூவக் கழட்டிட்டு வரப்போரமா இந்தப் பக்கம் வந்துட்டீங்கன்னா முடி எறிய வசதியா இருக்கும். வயல்ல எறங்க வேணாம். வரப்புதான். சாக்ஸ உள்ள திணிச்சு வெச்சிடுங்க, எறும்பு ஏறும்.

என்ன கேட்டீங்க? அவங்க நடும்போது நான் எங்க இருந்தேனா?

…வீட்டுலதான் இருந்தேன். மாடியில. கொசுவலைக்குள்ள.

நேத்து இருட்டுற வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு முடி வெச்சது, ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. அஸாரு வேற முந்தா நாளு சொல்லியிருந்துச்சு, நாளைக்கு ஜனங்க வந்து பாக்குற ஓப்பன் டேக்கு முன்னாடியே பக்கத்து ஊரு மகளிர் குழு வந்து பாத்துட்டுப் போவாங்கன்னு. இன்னிக்கு நான் இன்னும் கண்ணத் தொறக்கல, ஜன்னலுக்குக் கீழ பொம்பளைங்க சத்தம். மகளிர் குழுன்னுதானே நெனப்பேன்? ஒரு கொரலு கேட்டுச்சு, “யம்மா, எறங்கலாமா?”ன்னு.

எனக்கு எப்புடி இருந்துச்சு தெரியுமா சார்? கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ரெண்டு மாசமா நான் வட்டத்துல உக்காந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், பாக்குறவங்க வரப்புலயே நின்னுடக் கூடாது, உள்ள வரணும்னு. விடிகாலையில நாலு பொம்பளைங்க அவங்களா வந்து, அவங்களா கேக்குறாங்க. நான் படுத்துக்கிட்டே சொன்னேன், “எறங்குங்கக்கா. இது உங்களுதுதான். நல்லா உள்ள எறங்குங்க. ஒரு முடியக் கூட விடாதீங்க, எல்லாத்தையும் கையில எடுங்க, பிரிங்க, உங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்க”ன்னு.

சிரிக்காதீங்க சார். நானே சொல்லிக் குடுத்திருக்கேன். ஒண்ணு விடாம.

திரும்பவும் தூங்கிட்டேன். அப்பறம் இன்னொரு தடவ சத்தம். அதே கொரலு. “ஏம்மா, இவ்ளோதானா? பாயி பெருசுன்னாரே?” அப்பவாவது எந்திரிச்சு எட்டிப் பாத்திருக்கலாம்ல? பாயின்னு பேரு சொல்லிக் கேக்குறாங்க. ஆனா எனக்கு ‘இவ்ளோதானா’ங்குறது மட்டும்தான் காதுல விழுந்துச்சு. சுருக்குன்னுச்சு. ஒரு படைப்பப் பாத்து கேக்குற கேள்வியா அது? கோவமாவே சொன்னேன், “இவ்ளோதாங்க்கா. பெருசு சிறுசுங்குறதுல ஒண்ணும் இல்ல. கீழ ஜன்னத் பீவி அம்மாகிட்ட டீ வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க”ன்னு. டீயக் குடிச்சாங்க. போயிட்டாங்க. இப்ப நன்னிலம் பக்கம் யாரு வயல்லயோ நட்டுக்கிட்டு இருப்பாங்க. போன் போட்டா நாளன்னிக்குத்தான் வர முடியும்ங்குறாங்க. பொன்னுத்தாயி அக்கா வேற, “நீதானம்மா எறங்கச் சொன்ன”ங்குது. நாந்தான் சொன்னேன். இல்லங்கல.

ஊர்ல இருக்குற எல்லாரையும் திட்டிட்டேன் காலையிலேருந்து. அஸாரத் திட்டுனேன், மகளிர் குழுன்னு சொன்னதுக்கு. ஜன்னத் பீவி அம்மாவத் திட்டுனேன், டீ குடுத்ததுக்கு. தவளையக் கூட திட்டுனேன், ராத்திரி தூங்க விடலன்னு. கடசியில பாத்தா வேற ஆளே மிச்சம் இல்ல.

பாயி என்ன சொன்னாரா? அதுதான் சார் என்னால தாங்க முடியல. காலையில தொழுதுட்டு, அப்படியே உரம் வாங்கப் போயிருந்தாரு. பத்து மணி போல வந்தாரு. இந்த வயலப் பாத்தாரு. அந்த வயலப் பாத்தாரு. நான் வாசல்ல நிக்குறேன், வாங்கப்போற திட்டுக்குத் தயாரா. திட்டல. அந்த மூல வயல்கிட்டப் போயி ஒரு நாத்தத் தொட்டுப் பாத்துட்டு, “நல்லாத்தான் நட்டிருக்காங்க”ன்னாரு. அவ்ளோதான். அப்பறம் ஆளு தேடி வண்டிய எடுத்துக்கிட்டுப் போனவருதான், இன்னும் காணோம். ஒரு வார்த்த திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசிட்டு மாடிக்குப் போயிருப்பேன். எனக்கு வெக்கமாப் போச்சு சார். நட ஆளு வராம நாத்து கெடக்குறத ஜனங்களுக்குக் காட்டணும்னு வந்தவ, நட வந்த ஆள டீ குடுத்து அனுப்பி வெச்சிருக்கேன். பாவாடையத் தூக்கிச் சொருகிட்டு எறங்கிட்டேன்.

நடத் தெரியுமாவா? அம்சம் மகளுக்குத் தெரியாதா? …தெரியாது. உள்ளதச் சொல்றேன். அது என்ன ஒரு நாள் கூட சேத்துல கால வெக்க விட்டதில்ல. படி படின்னு படிக்க வெச்சுச்சு. விண்ணப்பத்துல ‘மண்ணின் மகள்’னு எழுதிட்டேன். காலையில அது போன்ல ஸ்பீக்கர்ல இருந்து சொல்லச் சொல்லத்தான் நானும் ஃபஹ்மிதாவும் கத்துக்கிட்டோம். நாலு நாலு நாத்தா கிள்ளணும், வெரலால சேத்துக்குள்ள சொருகணும், பின்னாடியே போகணும். முன்னாடி போனா நட்டத நீங்களே மிதிச்சிடுவீங்க. மொத வரிசை என்னுது, அங்க கெடக்குது பாருங்க, பாம்பு போன தடம் மாதிரி. இப்ப நேராயிடுச்சுல்ல? சொல்லுங்க சார், நேராயிடுச்சுல்ல?

சதீஷு எறங்கல, ஆனா உதவி பண்ணிச்சு. நாத்து சொருகுற சத்தம் நல்லாயிருக்குன்னு மைக்க நீட்டிக்கிட்டு வந்துச்சு. மைக்க வாங்கி வரப்புல வெச்சிட்டு ரெண்டு கட்டு தூக்கியாடா தம்பின்னேன். தூக்கியாந்துச்சு. ஓடிப் போச்சு. இப்பக் கூட எங்கேயோ தவளைகிட்டத்தான் நிக்கும்.

வானத்தப் பாருங்க, மேக்கால கறுத்துக்கிட்டு வருது. இன்னும் கெழக்கு மூல ஒண்ணுதான் பாக்கி. கை ஓடணும். அந்தக் கடசிக் கட்டப் பிரிச்சு ரெண்டு முடி எறிங்க சார். …சார்? எறிங்க.

சார்?

போயிட்டாரா. ம்… போகட்டும், அவருதான் என்ன பண்ணுவாரு. மெட்ராஸ்லேருந்து கலையப் பாக்க வந்தவர நிக்க வெச்சு என் பொலம்பலக் கேக்க வெச்சா. போயி எழுதட்டும். ‘செம்மொழியின் படைப்பைத் தேடிப் போனேன், வயல்தான் இருந்தது’ன்னு எழுதட்டும். பொய்யா என்ன? …ஷூ இங்கதான் கெடக்குது. வெறுங்காலோட முள்ளுல ஏன் போனாரு மனுஷன்? ஃபஹ்மிதா… ஏ ஃபஹ்மிதா, அந்த சாரு வீட்டுப் பக்கம் வந்தாரா பாரு…

ஐயையோ. நீங்களா சார் அது, கெழக்கு மூலையில?

பேண்ட மடிச்சு விட்டிருக்கக் கூடாதா? எப்ப எறங்குனீங்க? ஒரு வார்த்த சொல்லல. நாலு நாலாத்தான் கிள்ளியிருக்கீங்க, சரியாத்தான் இருக்கு, ஆழமும் சரிதான். நான் பேசுனதையா கேட்டுக்கிட்டு இருந்தீங்க, இவ்ளோ நேரமும்? ஆனா சார்… சுத்தி நட்டுட்டு நடுவுல நிக்குறீங்களே. பின்னாடி போகணும்னா நேரா பின்னாடி போகணும், தட்டாமாலை சுத்தக் கூடாது. எந்தப் பக்கம் கால வெச்சாலும் நாத்துதானே இப்ப. அசையாதீங்க. அப்படியே நில்லுங்க.

பாயி வண்டி வருது. தனியாத்தான் வர்றாரு, ஆளு கெடைக்கல போல. நில்லுங்க சார், அசையாதீங்க, மொதல்ல அவரு பாக்கட்டும்.

வாங்க பாய். …ஆமா பாய், முடிஞ்சிடுச்சு. சாரு நிக்குற எடம் மட்டும்தான் பாக்கி. …இவரா? இவரு என் வேலையப் பாக்க வந்தவரு பாய். …சரியாத்தான் பாய் எண்ணிப் பாத்தோம், நாலு நாலுதான். கோணலு இருக்கும், நெல்லுக்குக் கோணல் தெரியாதுன்னு அம்மா சொல்லிச்சு. …என்ன பாய் சொல்றீங்க? …நெசமாவா?

சார், காதுல விழுந்துச்சா? பாயி கேக்குறாரு, நாளைக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலு இருக்காம், நம்ம கொத்து வருமான்னு. நம்ம கொத்தாம் சார். நாளைக்கு ஓப்பன் டேன்னு எப்புடி நான் அவருகிட்ட சொல்லுவேன், நீங்க சொல்லுங்க… நாலு ஊருலேருந்து ஜனங்க வேற வரும், அத்தன பேரும் வரப்புல நின்னு எறங்கலாமான்னு கேப்பாங்க…

எத்தன மணிக்கு பாய் எறங்கணும்?